லோடு வண்டியின் பின்பாடிக்கு எதை விரிப்பது? பிளைவுட் முதல் ஸ்பிரே வரை

போன ஐப்பசி மழை ஓய்ந்ததும் வண்டியைக் கழுவலாம் என்று பின்பாடியில் கிடந்த பிளைவுட்டைத் தூக்கினேன். நான்கு வருடமாக அது அசையாமல் அங்கேயே கிடந்தது. மேலே பார்க்கப் பலகை நன்றாகத்தான் இருந்தது. அடியில் வெங்காயச் சருகும் உரத்தூளும் மழைத் தண்ணீரும் கலந்து கறுப்புச் சேறாகப் படிந்திருந்தது. அதை வழித்துவிட்டு, ஸ்குரூ டிரைவர் முனையால் ஓரிடத்தில் லேசாகக் குத்திப் பார்த்தேன். தகடு முறுக்கு மாதிரி நொறுங்கி, முனை அந்தப் பக்கம் போய்விட்டது. எடுத்துவிட்டுக் குனிந்தால் ஓட்டை வழியே தரை தெரிந்தது.

வண்டி மஹிந்திரா பொலிரோ பிக்கப். பெரும்பாலும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி. உள்ளூரில் உர மூட்டை, எப்போதாவது சிமெண்டும் கம்பியும். ஓட்டையை அடைப்பதற்கு முன்னால், இனி மேலே எதை விரிப்பது என்று ஒரு மாதம் விசாரித்தேன். திண்டுக்கல்லில் இரண்டு பட்டறை, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் நண்பர், நாகப்பட்டினத்தில் மீன் லோடு ஓட்டும் என் மச்சான் என்று பலரிடம் கேட்டேன். எல்லோரும் அவரவர் போட்டதுதான் சிறந்தது என்றார்கள். அவரவர் லோடுக்கு அது சரியாகவும் இருந்தது.

பின்பாடி இரண்டு விதமாகக் கெடுகிறது. ஒன்று அடியும் கீறலும். கம்பி முனை, கல், இரும்புச் சாமான் பட்டுப் பெயிண்ட் போய்விடும். இது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, தேங்கி நிற்கிற ஈரம். பின்பாடித் தகடு பெரும்பாலும் பட்டையாக இருக்காது. பலம் வேண்டும் என்று வரிவரியாக மடித்திருப்பார்கள். மேலே எதைப் போட்டாலும் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், காற்றுப் போகாது. அதோடு பொட்டாஷோ அம்மோனியம் சல்பேட்டோ சேர்ந்தால் இரும்புக்கு அதைவிடக் கெடுதல் வேண்டாம். பொட்டாஷ் உரத்தில் இருப்பது குளோரைடு, கடல் உப்பு செய்கிற அதே வேலையைச் செய்யும். அதனால் எந்த விரிப்பைப் பார்த்தாலும் எனக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: இதைத் தூக்கிக் கழுவ முடியுமா?

பிளைவுட்டிலிருந்தே தொடங்குகிறேன், என் வண்டியைத் தின்றது அதுதான் என்றாலும். 12 மில்லிமீட்டர் பலகை என் வண்டியின் 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலத்துக்குச் சுமார் 35 கிலோ வரும். கடையில் கிடைப்பது 8 அடிக்கு 4 அடி என்பதால் இரண்டு பலகை வாங்கி வெட்டி இணைக்க வேண்டும். விலை குறைவு, எந்த ஆசாரியும் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார். கம்பி லோடுக்கு மரம்தான் சுகம். அடியை வாங்கிக்கொள்ளும், சத்தம் கேட்காது. ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே வெயிலில் காய்ந்திருக்கும், அடியில் ஒரு வாரத்துக்கு ஈரம் போகாது. தண்ணீர் தாங்குகிற மரைன் பிளை போட்டால் பலகை உளுக்காது, அவ்வளவுதான். அடியில் இருக்கிற தகட்டுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. பிளைவுட் போடுவதானால் ஆணியோ போல்ட்டோ அடிக்காமல் சும்மா விரித்து, மாதம் ஒருமுறை எடுத்துச் சாய்த்து வைக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை.

அடுத்தது இரும்பு செக்கர் பிளேட், அதாவது மேலே புடைப்பு வைத்த தகடு. நம் ஊர்ப் பட்டறையில் போய் நின்றாலே முதலில் காட்டுவது இதைத்தான். செங்கல், ஜல்லி, கருங்கல் ஏற்றுகிறவர்களுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. மண்வெட்டியால் சுரண்டி அள்ளினாலும் தாங்கும், ரப்பரோ மரமோ அந்த இடத்தில் ஒரு வருடம்கூட நிற்காது.

ஆனால் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. என் பின்பாடி சுமார் 4.6 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் தகடு என்றால் 108 கிலோ. மேலே இருக்கிற புடைப்பையும் சேர்த்தால் 110-ஐத் தாண்டும். இரண்டு மூட்டை சிமெண்டுக்கு மேல் ஒவ்வொரு டிரிப்பும் சும்மா சுமக்கிறோம். ஏறும்போதும் அதற்கு டீசல், காலியாகத் திரும்பும்போதும் அதற்கு டீசல். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற மொத்த எடை வரம்பு அதற்காக உயராது, ஆகவே அந்த 110 கிலோ நம் லோடில்தான் குறைய வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. எடை மேடையில் நிற்கும்போது தகடு வேறு, லோடு வேறு என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். 750 கிலோ அளவில் ஏற்றுகிற குட்டி யானைக்கு 3 மில்லிமீட்டர் இரும்பு போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று வெல்டிங். பிளேட்டைச் சுற்றி அங்கங்கே வெல்டு வைத்துவிடுவார்கள். வெல்டு பட்ட இடத்தில் மேலும் கீழும் பெயிண்ட் எரிந்துவிடும். மேலே பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள், அடிப்பக்கம் அப்படியே கிடக்கும். எங்கள் பழைய வண்டிக்கு ஒரு பட்டறையில் இப்படித்தான் செய்து வாங்கினோம். மூன்றாவது வருடம், பிளேட் குத்துக்கல்லாக இருந்தது. அதைத் தாங்கிய கம்பெனித் தகடு செதில் செதிலாக உதிர்ந்தது. பிளேட் போடுவதானால் போல்ட்டில் போடச் சொல்லுங்கள். அடியில் துருவைத் தடுக்கிற எபாக்சி பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு போடட்டும். பட்டறைக்காரர் “அதெல்லாம் தேவையில்லை தம்பி” என்பார். பக்கத்திலேயே நின்று செய்து வாங்க வேண்டும்.

அலுமினிய செக்கர் பிளேட் எடையில் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. அதே 3 மில்லிமீட்டர், அதே அளவு, 40 கிலோவுக்குள் முடிந்துவிடும். கிலோ விலை பல மடங்கு. பழைய இரும்புக் கடையில் திரும்பப் போட்டாலும் நல்ல விலை கிடைக்கும் என்பது ஒரு ஆறுதல். மச்சான் இதைத்தான் போட்டிருக்கிறார். ஐஸ் உருகி ஓடுகிற மீன் தண்ணீருக்கு இரும்பு ஈடுகொடுக்காது என்பதால். முதல் தடவை போட்டபோது அவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால், பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் முதலில் அரிக்கும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, துளை பெரிதாகி, ஒரு நாள் தகடு ஓட்டத்தில் தடதடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது தடவை இடையில் மெல்லிய ரப்பர் ஷீட், போல்ட்டுக்கு நைலான் வாஷர், ஓரத்துக்கு சீலன்ட் வைத்துப் போட்டார். “இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு மிச்சம் மாப்ள” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரப்பர் மேட் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. வண்டிக்கென்று செய்த மேட் தேடி அலைய வேண்டாம். மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிற கனமான மேட்டே போதும். பசுவின் எடையையும் குளம்பையும் மூத்திரத்தையும் தாங்குவதற்காகவே செய்தது, அடிப்பக்கம் வரி வெட்டியிருக்கும், தண்ணீர் ஓடிவிடும். சிலர் சுரங்கத்திலும் சிமெண்ட் ஆலையிலும் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் போடுகிறார்கள். உழைப்பில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் இரண்டு பேர் பிடித்தாலும் தூக்குவது சிரமம். 8 மில்லிமீட்டர் ரப்பரே முழு பின்பாடிக்கு 45 கிலோவுக்கு மேல் போகும். அதனால் முழுசாக வாங்காமல் இரண்டு மூன்று துண்டாகப் போடுவது நல்லது.

ரப்பர் பிடித்துக்கொள்ளும், அதுதான் அதன் பலம். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டை நகராது, பிரேக் அடித்தால் முன்னால் வந்து கேபினில் இடிக்காது. அதே குணம் லோடு ஏற்றும்போது எதிரியாகிவிடும். காய்கறிப் பெட்டியைத் தூக்கி வைக்கிறவர்கள் யாருமில்லை. பின்கதவு ஓரத்தில் வைத்து, உள்ளே தள்ளி விடுவார்கள். நான் மேட் போட்ட முதல் நாள் லோடுமேன் அண்ணன் ஒருவர் ஐந்தாவது பெட்டியில் நிமிர்ந்து நின்றார். “தம்பி, பெட்டி நகரவே மாட்டேங்குது. இப்படியே இருந்தா ரெண்டு ஆள் கூலி சேர்த்துக் குடுக்கணும்.” அவர் சொன்னது நியாயம்தான். அன்றைக்கே நடுத்துண்டைச் சுருட்டிக் கேபினுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தகரத்திலும் பிளைவுட்டிலும் பெட்டி வழுக்கிக்கொண்டு போகும், ரப்பரில் போகாது. காய்கறிப் பெட்டி அதிகம் ஏற்றுகிறவர்கள் இதை யோசித்துக்கொண்டு வாங்க வேண்டும். அப்புறம், புது மேட்டின் வாடை கொத்தமல்லிக் கட்டில் ஏறும். ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் லைனர் நம் லோடு வண்டிகளுக்கு அதிகம் பொருந்தாது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி தொட்டி வடிவில் பின்பாடி இருக்கிற வண்டிகளுக்குத்தான் அது அளவாக உட்காரும். பக்கக் கதவு மடங்குகிற வண்டியில் போட முடியாது. எடை குறைவு, பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், பக்கச் சுவரையும் சேர்த்து மூடும். குறை என்னவென்றால், ஓட்டத்தில் அது அதிர்ந்து அதிர்ந்து அடியில் பெயிண்ட்டைத் தேய்த்துவிடும், தேய்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். மேல்பக்கமும் வழுக்கும். இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் லைனர் மேல் கேனை வைத்துக்கொண்டே பெட்ரோல் பிடித்தால், பெட்ரோல் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் சேர்ந்து, பொறி தட்டித் தீப்பிடிக்கலாம். அமெரிக்காவில் இப்படி விபத்துகள் நடந்து, அங்கே தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் 1998-இலேயே எச்சரித்தது. மருந்தடிக்கிற பம்புக்கும் மோட்டாருக்கும் கேனில் பெட்ரோல் வாங்குகிறவர்கள், எந்த வண்டியாக இருந்தாலும் கேனைக் கீழே தரையில் இறக்கி வைத்துப் பிடியுங்கள்.

கடைசியாக ஸ்பிரே. அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவர்கள் பலரும் இதற்குத்தான் போகிறார்கள். ரைனோ லைனிங்ஸ் 1988-இலும் லைன்-எக்ஸ் 1993-இலும் அங்கே தொடங்கின. பாலியூரித்தேன் அல்லது பாலியூரியாவைத் தகட்டின் மேலேயே அடித்துவிடுவார்கள். அதுவே சொரசொரப்பான தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பாலியூரியா இரண்டு திரவங்களைச் சூடாக்கி, அதிக அழுத்தத்தில் துப்பாக்கி முனையில் கலந்து அடிப்பது. சில நொடிகளில் இறுகிவிடும். 2 மில்லிமீட்டர் கனத்தில் என் பின்பாடி முழுவதற்கும் பத்து கிலோ அளவில்தான் எடை கூடும். தகட்டோடு ஒட்டிவிடுவதால் அடியில் தண்ணீர் போக இடமே இல்லை. எடுத்துக் கழுவ முடியாத விரிப்புகளில் நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான், எடுத்துக் கழுவ வேண்டிய அவசியம் இல்லை என்பதால்.

எல்லாம் அடிப்பதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. துரு ஒரு பொட்டு விடாமல் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பளபளப்பான பெயிண்ட்டைச் சொரசொரப்பாக்க வேண்டும். துருவின் மேல் அடித்தால் அது தோலுக்கு அடியில் பரவும், பிறகு முழுத்துண்டாக உரியும். கறுப்பு ஸ்பிரே வெயிலில் வெளுத்துச் சாம்பலாவது சகஜம். அது பார்வைக் குறைதான், உழைப்பில் குறையில்லை.

பெரிய இயந்திரம் இல்லாத ஊர்களுக்கு ராப்டர் மாதிரி பாட்டிலில் வருகிற ஸ்பிரே வகை இருக்கிறது. லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு பெயிண்ட் இருக்கும், மீதிக்கு அதை இறுக வைக்கிற ஹார்டனர் ஊற்றிக் குலுக்கி, அதற்கென்ற துப்பாக்கியில் மாட்டி அடிப்பது. இயந்திர ஸ்பிரே அளவு கனம் வராது, ஆனால் டிங்கரிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த ஹார்டனர்களில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரவைக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிற பையனைப் பார்த்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். வெளிக்காற்று வருகிற முகமூடி வைத்திருக்கிற பட்டறையில் கொடுங்கள்.

என் வண்டிக்கு அழுகின இடங்களை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, மேலே பாட்டில் ஸ்பிரே இரண்டு கோட் போட்டிருக்கிறேன். உர லோடுக்கும் மலைப்பாதை டிரிப்புக்கும் மாட்டு மேட் மூன்று துண்டு விரிப்பேன். காய்கறிப் பெட்டி என்றால் சுருட்டிவிடுவேன். கம்பி வந்தால் நாலடிப் பிளைவுட் ஒன்று முன்பக்கம் இருக்கும், இறக்கினதும் அதையும் எடுத்துவிடுவேன். தினமும் செங்கல், ஜல்லி ஓட்டுகிறவராக இருந்தால், அதே பிரைமருக்கு மேல் 3 மில்லிமீட்டர் இரும்பை போல்ட்டில் போட்டு, எடைக்குத் தக்கபடி லோடைக் குறைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டைத் தூக்கி மதில் மேல் போட்டுவிட்டு, பின்கதவோரம் இருக்கிற நான்கு வடிகால் துளையிலும் கம்பி விட்டுக் குத்துகிறேன். ஒவ்வொரு தடவையும் பச்சை மிளகாய்க் காம்பு வருகிறது.