சி++ நிரலிலிருந்து எக்செல்: இம்போர்ட்டா, ஐடிஸ்பேட்ச்சா?

ஜூரோங்கில் நாங்கள் பராமரிக்கும் சி++ நிரல், காலாண்டு ஜிஎஸ்டி எண்களை எக்செலில் தானாக நிரப்பும். இதற்கு இரண்டு வழிகள்: இம்போர்ட் கட்டளை, அல்லது காம் (ஒரு நிரல் இன்னொன்றை இயக்க உதவும் விண்டோஸ் முறை) தரும் ஐடிஸ்பேட்ச் இடைமுகம்.

இம்போர்ட் கட்டளை எக்செலின் டைப் லைப்ரரியை (அதன் பொருள்கள், கட்டளைகளின் பட்டியல்) படித்து, வகுப்புகளை உருவாக்கித் தரும். பெயர் தவறினால் கம்பைலரே பிடித்துவிடும். லிங்கரில்தான் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) தலைவலி: 'காம் இஷ்யூ எரர்' என்ற செயற்கூறு கிடைக்கவில்லை என்று எல்என்கே2019 பிழை வரும். அந்தச் செயற்கூறு காம்சப்டபிள்யூ.லிப் கோப்பில் இருக்கிறது. டீபக் பில்டுக்கு (பிழை தேடும் பதிப்பு) காம்சப்டபிள்யூடி.லிப். வழக்கமாகத் தானே இணைந்துவிடும். இணையவில்லையா? முதலில் நோடீஃபால்ட்லிப் என்ற லிங்கர் விருப்பம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது தானியங்கி இணைப்பையும் தடுத்துவிடும். அப்புறம் எல்லாக் கோப்புகளிலும் டபிள்யூசார் (அகன்ற எழுத்து வகை) பற்றிய கம்பைலர் அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும்.

ஐடிஸ்பேட்ச்சில் நேரடியாகப் பேசினால் ஓஎல்இ32, ஓஎல்இஆட்32 லைப்ரரிகள் போதும். பில்டு கணினியில் எக்செலே தேவையில்லை. ஆனால் இன்வோக்குக்கு (எக்செல் கட்டளையை அழைக்கும் செயற்கூறு) அளவுருக்களைத் தலைகீழ் வரிசையில் தர வேண்டும். எழுத்துப்பிழை ஓடும்போதுதான் தெரியும். வரிக்கணக்கில் அது ஆபத்து.

அதனால் எங்கள் வேலைக்கு இம்போர்ட்தான் சரி. லிங்கர் பிழையை ஒருமுறை தீர்த்தால் போதும். வாடிக்கையாளரிடம் எந்த எக்செல் பதிப்பு இருக்கும் என்றே தெரியாவிட்டால் மட்டும் ஐடிஸ்பேட்ச்.