வாசலில் மூன்று வகைப் புல்: மூன்று வருடம் வளர்த்துப் பார்த்த அனுபவம்

எங்கள் தோட்டத்து வீடு திருப்பூர் மாவட்டம் பொங்கலூர் பக்கம். 2021இல் வீட்டை எடுத்துக் கட்டியபோது முன்வாசலில் ஒன்றரை சென்ட் இடம் மிச்சமாயிற்று. டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சித்திரை வெயிலில் அதன்மேல் யார் கால் வைப்பது? புல்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மாமா மட்டும் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "ஏனம்மிணி, கொறங்காட்டுல தானா மொளைக்கற புல்லுக்குப் போயி காசு குடுக்கறதா?" என்று கேட்டார். காலம் முழுக்கக் கொறங்காட்டு மேய்ச்சலில் கொழுக்கட்டைப் புல்லை நம்பி மாடு வளர்த்தவர் அவர், அப்படித்தான் கேட்பார்.

முதலில் அருகு இனத்துப் பெர்முடாவைத்தான் வைத்தோம். வெயில் விழுந்த பக்கம் நன்றாகவே வந்தது. வேப்பமரத்து நிழலில் ஆறே மாதத்தில் மண் தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தில் நாளுக்கு நாலு மணி நேர வெயில்தான். போர்த் தண்ணீர் வேறு உப்பு. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 1,600 பிபிஎம்மைத் தாண்டும். இரண்டையும் தாங்கும் புல் எது என்று தேடிப் போனபோதுதான் ஜோய்சியா என்ற புல் இனம் பற்றித் தெரிந்தது. கார்ல் வான் ஸோய்ஸ் என்ற தாவரவியலாளரின் நினைவாக 1801இல் வைத்த பெயர் அது. வீட்டு வாசலுக்கு வருகிறவை அதில் முக்கியமாக மூன்று. அகல இலை ஜப்பானிகா, நடுத்தர இலை மாட்ரெல்லா, நூல் மாதிரி இலை டெனுயிஃபோலியா. மாட்ரெல்லாவை மணிலா புல் என்றும் சொல்வார்கள். கடலோர மணலில் தானாக வளர்கிற புல் அது. அதைப் படித்ததுமே எங்கள் உப்புத் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் நர்சரியில் போய் மாட்ரெல்லா என்று கேட்டால் யாருக்கும் புரியாது. கொரியன், மெக்சிகன், கார்பெட் என்றுதான் அங்கே பேச்சு. ஒரு நர்சரியில் மெக்சிகன் என்று காட்டியதை இன்னொன்றில் கொரியன் என்றார்கள். நான் முதலில் போன இடத்தில் மெக்சிகன் என்று கொடுத்தது கடைசியில் பழையபடி பெர்முடாவாக இருந்தது! பூ விட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. பெர்முடாவின் கதிர் கோழிக்கால் மாதிரி ஒரே புள்ளியிலிருந்து விரல் விரலாகப் பிரியும். ஜோய்சியாவுக்கு அப்படிக் கிடையாது, தீக்குச்சி நட்டது போல ஒற்றைக் கதிர்தான். அதனால் பெயரை நம்பி வாங்காதீர்கள். பையில் ஒரு சின்ன ஸ்கேல் வைத்துக்கொண்டு போங்கள். ஒரு இலையைக் கிள்ளி அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில், மடித்தது போல் உருண்டு இருந்தால் டெனுயிஃபோலியா. ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள் என்றால் பெரும்பாலும் மணிலா. மூன்று, நாலு என்றால் ஜப்பானிகா. அப்புறம் உள்ளங்கையைப் புல்மேல் அழுத்திப் பாருங்கள். ஜோய்சியா என்றால் இலை விறைப்பாக எதிர்த்து நிற்கும், பெர்முடா படிந்துவிடும்.

இன்னொன்று, மெல்லிய ரகங்களை விதையில் வாங்க நினைக்க வேண்டாம். விதையாக வரும் ஜெனித், கம்பாட்ரே எல்லாம் ஜப்பானிகாதான். கொரியன் விதை என்று ஆன்லைனில் வாங்கி நானும் தூவினேன். முளைத்தது வெறும் களை.

சரி, ஒரு வழியாக மூன்றையும் கண்டுபிடித்து, வாசலை மூன்று பாத்தியாகப் பிரித்துப் புரட்டாசியில் நட்டோம். ஐப்பசி மழை கிடைக்கும் என்ற கணக்கு. அப்போது ஜப்பானிகா சதுர அடி 12 ரூபாய், மணிலா 16, கொரியன் என்று விற்ற டெனுயிஃபோலியா 22. வண்டி வாடகை தனி. மண்ணும் வேருமாக வெட்டியெடுத்த கொரியன் பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தார்ப்பாய் போர்த்திக் கொண்டுவந்து இறக்கினார்கள். நடு அடுக்கில் கை வைத்தால் இட்லிக் குண்டாவைத் தொட்டது போலச் சுட்டது. அந்தப் பத்துப் பன்னிரண்டு பாயும் வெந்து மஞ்சளாகிவிட்டன. மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை போன் செய்தும் பயனில்லை. காலையில் வெட்டி, காலையிலேயே வந்து சேரும்படி பேசிக்கொண்டு பணம் கொடுங்கள்.

பார்வைக்கு என்றால் கொரியனுக்கு ஈடே இல்லை. முதல் வருடம் வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தார்கள். மெதுவாக வளர்கிறது, வெட்டவே வேண்டாம் என்று நர்சரியில் சொன்னதை நம்பி நானும் விட்டுவிட்டேன். இரண்டாம் வருடம் அது அலை அலையாக மேடு கட்ட ஆரம்பித்தது. ஒரு மேட்டைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து பார்த்தேன். மேலே அரை அங்குலம்தான் பச்சை. அதற்குக் கீழே மூன்று விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த தண்டும் சருகும், தேங்காய் நார் மாதிரி. குழாய்த் தண்ணீரைப் பிடித்தால் அந்த நார் ஓரமாக வழிந்து ஓடுகிறதே தவிர மண்ணுக்கு இறங்கவில்லை. புதிதாக வந்த வேர் பாதிக்கு மேல் அந்தச் சருகுக்குள்ளேயே நின்றிருந்தது. 2024 சித்திரையில் அது ஏன் முதலில் கருகியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒட்ட வெட்டினாலும் ஆபத்து, பச்சை போய்ப் பழுப்புத் திட்டுதான் மிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வருடம் ஒரு முறை கம்பி வாரியால் சருகை இழுத்தெடுக்க வேண்டும். இந்த வேலைக்கு நேரம் இருக்கிறவர்கள் தாராளமாக வைக்கலாம். ஆனால் ஐம்பது, அறுபது சதுர அடிக்கு மேல் வேண்டாம்.

மணிலாவைப் பாயாகப் பரப்பாமல், பிய்த்துப் பதியனாக ஆறு அங்குல இடைவெளியில் நட்டோம். மூடுவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் பொறுமைக்குச் சோதனைதான். வாரா வாரம் உட்கார்ந்து கோரை பிடுங்கினேன். தவறு என்னுடையது. மேலே பரப்பிய செம்மண்ணோடு கோரைக் கிழங்கும் வந்துவிட்டது. மண்ணைப் பரப்பி, தண்ணீர் விட்டு, மூன்று வாரம் முளைக்கவிட்டுக் கிழங்கோடு தோண்டி எடுத்திருக்க வேண்டும். அதையே இன்னொரு முறையும் செய்துவிட்டுத்தான் புல்லில் கை வைத்திருக்க வேண்டும். ஆனால் ஒருமுறை மூடிக்கொண்ட பிறகு மணிலாவில் களை நுழைய இடமே இல்லை. விரலை விட்டு மண்ணைத் தொட முடியாத அடர்த்தி. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை, ஒரு அங்குல உயரத்தில் வெட்டுகிறேன். இலை கடினம் என்பதால் பிளேடு உருளையாகச் சுழன்று வெட்டும் மிஷின்தான் சரி, அதுவும் பிளேடு கூராக இருக்க வேண்டும். மொட்டை பிளேடு நுனியைக் கிழித்துவிடும், இரண்டு நாளில் வாசல் முழுக்க வெளுத்துத் தெரியும்.

அந்த 2024 சித்திரையில் போரில் தண்ணீர் குறைந்து, ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் விட முடிந்தது. மணிலா இலையைச் சுருட்டிக்கொண்டு சாம்பல் பூத்தாற்போல் நின்றது. நடந்தால் கால்தடம் அப்படியே இருந்தது. அதுதான் அது தண்ணீர் கேட்கிற அடையாளம். கோடை மழை இரண்டு பெய்ததும் பத்து நாளில் தெளிந்துவிட்டது. வேப்பமர நிழலிலும் கொஞ்சம் கலைந்து வந்ததே தவிர, மண் தெரியவில்லை. சுண்ணாம்பு மண் என்பதால் மூன்று பாத்தியிலும் இளம் இலை வெளுத்தது. கடலைக்குத் தெளிப்போமே, இரும்புச் சத்து தரும் அதே அன்னபேதி உப்புதான். லிட்டருக்கு ஐந்து கிராம் கலந்து மாலையில் தெளித்தேன், ஒரு வாரத்தில் பச்சை திரும்பியது.

ஜப்பானிகா உழைப்பாளி. வறட்சியை மூன்றிலும் நன்றாகத் தாங்கியது அதுதான். ஆனால் வெறுங்காலில் நடந்தால் சொரசொரப்பு, நிழலிலும் மணிலா அளவுக்கு வரவில்லை. கார் நிறுத்துமிடத்து ஓரத்துக்குப் போதும்.

மூன்றுக்கும் பொதுவான குறை, அடிபட்டால் எழுந்திருக்க நாளாகும். போன வருடம் நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தபோது மூன்று நாள் பந்தலும் நாற்காலியும் போட்டோம். அந்த மஞ்சள் மறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பிள்ளைகள் தினம் பந்து விளையாடும் இடமென்றால், நல்ல வெயிலும் இருந்தால், பெர்முடாவே வைத்துவிடுங்கள். அப்புறம் மயில். மண்புழுவுக்காக வந்து சீய்த்துவிட்டுப் போகும். மணிலா மூடிய பிறகு அதனாலும் பெயர்க்க முடியவில்லை. கொரியன் பாய்களை மட்டும் இரண்டு முறை திரும்ப அமர்த்தினோம்.

வெளிநாட்டு ரகங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். எமரால்டு 1955இல் அமெரிக்காவில் வெளியிட்டது, ஜப்பானிகாவையும் டெனுயிஃபோலியாவையும் சேர்த்து உருவாக்கியது. ஜியான் மாட்ரெல்லா வகை, 2016 ரியோ ஒலிம்பிக் கோல்ஃப் மைதானத்தில் போட்டிருந்தார்கள். டைமண்ட் என்ற மாட்ரெல்லா இன்னும் மெல்லியது, நிழலும் உப்பும் தாங்கும் என்று பெயர் வாங்கியது. படிக்கப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. கோவை, திருப்பூர் பக்கம் நான் ஏறி இறங்கிய நர்சரிகளில் இவற்றைப் பெயர் சொல்லித் தந்தவர் யாருமில்லை. யாராவது தந்தாலும், இலையை அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எங்கள் மாதிரி உப்புத் தண்ணீரும் அரை நிழலும் உள்ள வாசலுக்கு என் தேர்வு மணிலாதான். வருகிற புரட்டாசியில் கொரியனைப் பெயர்த்து, துளசி மாடத்தைச் சுற்றி மட்டும் வைக்கப்போகிறேன். அங்கே யாரும் மிதிக்க மாட்டார்கள். காலியாகும் பாத்திக்கு மணிலா. பதியனுக்கு இந்த முறை நர்சரி வேண்டாம், என் வாசலிலேயே இருக்கிறது. மாமா சாயங்காலம் கட்டிலைப் போட்டுக்கொள்வதும் இப்போது அந்தப் பக்கம்தான்.