வேலூரில் 'லைஃப்டைம் ஒரிஜினல் கேம்' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பிசி கேம் போட்டுக் கொடுக்கிற கடைகளுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எல்லாக் கடைகளையும் குறை சொல்லவில்லை. ஒரு கடையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பிசி கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமில் 4,000 ரூபாய்க்கு மேல் விற்கிற புது கேம். அந்தக் கடையில் 600 ரூபாய். "அண்ணா, இது கிராக் பண்ணதா?" என்று நேராகவே கேட்டேன். "இன்னா தம்பி இப்படி கேட்டுட்ட? ஒரிஜினல் ஸ்டீம் கேம்பா. லைஃப்டைம். எது ஆனாலும் நான் இருக்கேன்" என்றார். சிபியூவைக் கடையிலேயே வாங்கி வைத்து, சாயங்காலம் கொடுத்தார். கிளம்பும்போதுதான், "ஸ்டீமை ஆன்லைன்ல போடாத, ஆஃப்லைன்லயே வெச்சிக்கோ" என்றார்.

விண்டோஸ் அப்டேட் ஆனதும் கேம் திறக்கவில்லை. ஆன்லைனுக்கு வரச் சொன்னது, பாஸ்வேர்டு கேட்டது. அதில் போட்டிருந்த ஸ்டீம் கணக்கு என்னுடையது இல்லை, பாஸ்வேர்டும் என்னிடம் இல்லை. கடைக்குப் போன் செய்தால், "இன்னிக்கு லிமிட் முடிஞ்சிச்சு, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். மறுபடி கேட்டதற்கு, திரும்ப ஆக்டிவேட் செய்ய 300 ரூபாய் ஆகும் என்றார். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார்.

அந்த லிமிட் என்ன என்று தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இவர்கள் ஒரே ஒரு கணக்கில் கேமை வாங்கி, வருகிறவர்கள் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் அதே கணக்கைத் திறந்து, ஒருமுறை ஓடவிட்டு ஆஃப்லைனில் போட்டுவிடுகிறார்கள். ஒரே வீட்டைப் பத்துப் பேருக்கு ஒத்திக்கு விட்ட கதை. டெனுவோ என்ற, திருட்டுக் காப்பியைத் தடுக்கிற பாதுகாப்பு உள்ள கேம்கள் பலவற்றில் ஒரு கணக்குக்கு ஒரு நாளைக்கு 5 கம்ப்யூட்டர்தான் என்று ஸ்டீம் பக்கத்திலேயே போட்டிருக்கும். கணக்கை விற்பதும் வாடகைக்கு விடுவதும் ஸ்டீம் விதிப்படி கூடாது. கணக்கு முடக்கப்பட்டால் அதை நம்பி விளையாடுகிற அத்தனை பேருக்கும் கேம் போய்விடும்.

எனக்கு 600 ரூபாயைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் வேறு. கேம் ஓடிய நாட்களிலும் அது சரியாக ஓடவில்லை. கேமில் வரும் ஊருக்குள் நுழைந்தாலே திக்கித் திக்கி நகர்ந்தது. ஒரு மிஷன் முடித்து சேவ் செய்தால் அடுத்த நாள் அந்த சேவ் இல்லை. அரைவேக்காட்டில் வெளியிட்டு, பேட்ச், அதாவது பிழை திருத்தும் அப்டேட், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்று இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது. சொந்தக் கணக்கில் வாங்கியிருந்தால், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், ஸ்டீம் காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தரும். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் பழைய கன்சோல்களில் ஓடாமல் மானம் போனபோது, சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்து, கேட்டவர்களுக்குப் பணம் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் வந்த கான்கார்ட் என்ற கேம் இரண்டு வாரத்தில் மூடப்பட்டபோதும் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்ப வந்தது. இதெல்லாம் யார் பெயரில் கேம் இருக்கிறதோ அவருக்குத்தான். கடைக்காரர் கணக்கில் விளையாடுகிற நாம் கம்பெனியிடம் போய் என்னவென்று கேட்பது?

"கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியமா மச்சி?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லைதான். 2014இல் வந்த தி க்ரூ கேமின் சர்வரை யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதற்கப்புறம் விளையாட முடியவில்லை. அதை எதிர்த்து ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதற்காக ஊரில் ஒருவர் நம் தலையில் மிளகாய் அரைக்க விடலாமா? விலை அதிகம் என்றால் ஸ்டீம் சேல் வரும்வரை பொறுத்து வாங்குங்கள். அதற்குள் நாலு பேட்சும் வந்திருக்கும்.

கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கேம் என் கணக்கில் ஏறுமா?" ஏறாது என்றால் வேண்டாம். பில்லையும் பாருங்கள். என் பில்லில் கேம் பெயரே இல்லை, 'சாஃப்ட்வேர் சர்வீஸ்' என்றுதான் இருந்தது. ஜிபேயில் பணம் போனதும் கடைப் பெயருக்கு இல்லை, வேறொரு ஆளுக்கு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். புகார் எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியதும் கடைக்காரர் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறேன் என்கிறார். முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இதே மாதிரி பில் வைத்திருக்கிறவர்கள் அதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.