காற்றடிக்கும் பம்பின் பிளக் உருகினால்: ஸ்குரூ பிளக்கா, ஒயரோடு வரும் பிளக்கா?

டயருக்குக் காற்றடிக்க வைத்திருக்கும் சின்ன பம்பின் பிளக், அதாவது காரின் 12 வோல்ட் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் பிளக், போன மாதம் உருகிவிட்டது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நுனியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மட்டும் பழுப்பேறி இளகி, நுனி ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. இதற்காகப் புது பம்ப் வாங்க மனசு வரவில்லை.

மூன்று வழி இருந்தது. முதலாவது, பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கிளிப்புகள். பெரிய பம்புக்கு இதுதான் சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் பானட்டைத் திறக்கணும், ஒயரின் நடுவே ஃபியூஸ் ஒன்றைத் தனியாகச் சேர்க்கணும். இரண்டு தடவைதான் அப்படிப் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் அதிகம் பேசப் போவதில்லை.

இரண்டாவது, ஒயரோடு வார்த்தே வரும் பிளக். பழைய ஒயரை வெட்டி இதோடு இணைத்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும். மூன்றாவது, திறந்து மூடக்கூடிய ஸ்குரூ பிளக். நான் எடுத்தது இதைத்தான்.

காரணம் சூடு. 120 வாட் பம்ப் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், அந்த ஒரு புள்ளியிலேயே 10 வாட் சூடாகப் போய்விடும். பல பிளக்குகளில் நுனிக்குப் பின்னால் ஃபியூஸ், அதற்குப் பின்னால் ஸ்பிரிங், மின்சாரம் அந்த ஸ்பிரிங் வழியாகவே போகும். சூட்டில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தொடுகை கெடும், கெட்டால் இன்னும் சூடு. என் பழைய பிளக் செத்தது இப்படித்தான். வார்த்த பிளக்கில் நுனியைக் கழற்றி ஃபியூஸ் மாற்றலாம், அதற்குமேல் உள்ளே கைவைக்க வழியில்லை. ஸ்குரூ பிளக்கை எப்போது வேண்டுமானாலும் பிரித்து, கறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டு மறுபடி மூடலாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. நடு நுனி பாசிட்டிவ், பக்கவாட்டுத் தகடுகள் நெகட்டிவ். ஒயரின் நிறத்தையோ கோட்டையோ நம்பாமல், வெட்டுவதற்கு முன்பே பழைய பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி இணைத்துவிட்டால், சும்மா மோட்டார் என்றால் பின்பக்கமாகச் சுற்றும், அவ்வளவுதான். பம்பில் காற்றழுத்தம் காட்டும் டிஜிட்டல் மீட்டர் இருந்தால் அது போய்விடலாம். ஸ்குரூவுக்குள் போகும் முனையில் ஈயம் பூசாதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, ஸ்குரூ தானாகவே தளர்ந்துவிடும். பழைய ஃபியூஸில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருந்ததோ அதையே போடுங்கள். அப்புறம், ஒயரை இழுத்தால் பாரம் ஸ்குரூவில் விழாதபடி உள்ளே இருக்கும் கிளாம்பை இறுக்க மறக்க வேண்டாம்.

ஸ்குரூ பிளக்குக்கும் ஒரு குறை உண்டு. வண்டியின் அதிர்வில் நுனி மூடி கழன்று சாக்கெட்டுக்குள் தங்கிவிடலாம். அங்கே அது பக்கச் சுவரையும் நடு முனையையும் சேர்த்துத் தொட்டால் வண்டியின் ஃபியூஸ் போகும். பயன்பாடு குறைவு, ஒயரை ஒட்டு போடவும் தெரியும் என்பவருக்கு வார்த்த பிளக்கே போதும். ஒயர் மட்டும் பம்பின் ஒயரைவிட மெலிதாக இருக்கக் கூடாது.

புது பிளக்கை மாட்டி ஒரு டயருக்குக் காற்றடித்துவிட்டு, கழற்றி நுனியைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. மூடி மட்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தது, இறுக்கி வைத்தேன்.