எல் அலமைன் கட்டுரையும் அந்த ‘இழப்புகள்’ வரிசையும்: நீண்டநாள் தொகுத்த அனுபவம்

1942இல் எகிப்தில் நடந்த இரண்டாம் எல் அலமைன் சண்டை பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் கைவைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கணக்குத் தொடங்குவது, ‘தொகு’ பொத்தான், எழுதிப் பழகும் மணல்தொட்டி எல்லாம் அவருக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நீண்ட நாள் புழங்கிய பிறகு மெச்சத் தோன்றுவது நிறைய இருக்கிறது. பொறுமையைச் சோதிப்பது ஒரே இடம்தான்: கட்டுரையின் ஓரத்தில் சுருக்கமாக விவரம் தரும் தகவல் பெட்டியில் வரும் ‘இழப்புகள்’ வரிசை.

நேச நாடுகள் பக்கம் தகராறு குறைவு. பிரிட்டிஷ் எட்டாம் படையில் மாண்டவர்கள் 2,350, காயமடைந்தவர்கள் 8,950, காணாமல் போனவர்கள் 2,260. மொத்தம் 13,560. கூட்டினால் சரியாக வரும், சான்றும் உறுதி. அச்சு நாடுகள் பக்கம் வந்தால்தான் தலைவலி. ‘அல்ட்ரா’ எனப்பட்ட, இடைமறித்துப் படித்த எதிரியின் ரகசியச் செய்திகளை வைத்துப் பிரிட்டிஷார் போட்ட கணக்கில் ஜெர்மானியர் 1,149 பேர் மாண்டனர், 3,886 பேர் காயமடைந்தனர், 8,050 பேர் பிடிபட்டனர். இத்தாலியரில் 971 பேர் மாண்டனர், 933 பேர் காயமடைந்தனர், 15,552 பேர் பிடிபட்டனர். இரண்டும் சேர்ந்து 30,541. மத்திய கிழக்குத் தலைமைத் தளபதி அலெக்சாண்டரின் மதிப்பீடு வேறு: 10,000 பேர் மாண்டனர், 15,000 பேர் காயம், 30,000 பேர் கைதிகள். அதாவது 55,000. இவற்றுக்கு நடுவே 36,939 என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. பெட்டியோ ஒரு வரியில் ஒரு விடையைக் கேட்கிறது.

இதில் அடிக்கடி நடக்கும் குளறுபடியைப் பாருங்கள். நவம்பர் 11 வாக்கில் பிடிபட்ட கைதிகள் மட்டும் ஏறத்தாழ 30,000. அல்ட்ரா கணக்கில் மொத்த இழப்பும் 30,541. முதல் எண் கைதிகளை மட்டும் சொல்கிறது. இரண்டாவது செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லோரையும் சேர்த்தது. இரண்டும் அருகருகே நிற்பதால், புதிதாக வருபவர் ஒன்றை மற்றொன்றின் திருத்தம் என்று எண்ணி அழித்துவிடுகிறார். இன்னொருவர் வந்து, அல்ட்ரா கணக்கின் மாண்டோர், காயமுற்றோர் எண்ணிக்கையோடு 30,000 கைதிகளைக் கூட்டிப் புது மொத்தம் போடுகிறார். அல்ட்ரா கணக்கில் கைதிகள் 23,602 பேர்தான். மீதிப் பேர் பின்வாங்கலின்போது பிடிபட்டவர்கள். வெவ்வேறு நாளில் எடுத்த கணக்குகளை ஒட்டவைப்பது விக்கி விதிப்படி சொந்த ஆய்வு. ஒரே சான்றில் ஒரே நாளுக்குரிய எண்களைக் கூட்டலாம். சான்று தாண்டிக் கூட்டக் கூடாது. இந்த வேறுபாட்டை உரையாடல் பக்கத்தில் எத்தனை முறை விளக்கினாலும் அடுத்து வருபவர் அதைப் படிப்பதில்லை.

சண்டை எந்த நாளில் முடிந்தது என்பதே எண்ணை மாற்றிவிடும். தொடக்கம் 1942 அக்டோபர் 23 இரவு, பீரங்கித் தாக்குதலோடு. அதில் கருத்து வேறுபாடு இல்லை. முடிவு, அச்சுப் படைகளின் தளபதி ரோம்மெல் பின்வாங்கத் தொடங்கிய நவம்பர் 4 என்று சிலர் வைப்பார்கள். ஹல்ஃபாயா கணவாய் விழுந்து அச்சுப் படைகள் எகிப்தைவிட்டு வெளியேறிய நவம்பர் 11 என்று வேறு சிலர். தேதி வரியை ஒருவர் திருத்தினால் இழப்பு வரியையும் சேர்த்துத் திருத்தியாக வேண்டும். அதை யாரும் செய்வதில்லை.

டாங்கிக் கணக்கும் இப்படித்தான். எட்டாம் படையின் டாங்கிகளில் ஏறத்தாழ 500 முடங்கின என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அவற்றில் சுமார் 300, சண்டை முடிவதற்குள் பழுதுபார்க்கப்பட்டன. களம் யார் கையில் மிஞ்சுகிறதோ அவர்கள்தான் முடங்கிய வண்டியை இழுத்துப் போக முடியும்; பின்வாங்கும் பக்கத்துக்குச் சங்கிலி கழன்ற டாங்கியும் முழு இழப்பே. பெட்டிக்குள் இரு பக்க டாங்கி எண்களையும் எதிரெதிரே வைத்தால் படிப்பவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

இதற்குள் உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன? பெட்டியில் வீச்சைப் போடுங்கள்: 30,541 முதல் 55,000 வரை. ஒவ்வொரு முனைக்கும் தனிக் குறுமேற்கோள் (ஆசிரியர், ஆண்டு, பக்கம் மட்டும் உள்ள அடிக்குறிப்பு) கொடுங்கள். யார் கணக்கு, எந்தத் தேதி வரை, கைதிகள் சேர்ந்ததா இல்லையா என்று விளக்கக் குறிப்பு வார்ப்புருவில் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். மூலத்தில் அந்த வரிக்கு மேலேயே ‘மாற்றுமுன் உரையாடல் பக்கம் பார்க்கவும்’ என்று, தொகுப்பவருக்கு மட்டும் தெரியும் மறைகுறிப்பு இடுங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் நூல், தொகுதி, பக்க எண் மூன்றும் வரட்டும். இவ்வளவுக்குப் பிறகும் யாரேனும் மாற்றினால் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்காதீர்கள் (பழைய வடிவத்துக்குத் திருப்பாதீர்கள்). எண் சரியாக இருந்தாலும் தடை விழும். முடிவு வரியில் ‘நேச நாடுகள் வெற்றி’ போதும். ‘தீர்க்கமான’ என்ற அடைமொழியைப் பெட்டியில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டலே சொல்கிறது, அது நல்ல விதி.

என்ன செய்தாலும் விளக்கக் குறிப்பு பெட்டியோடு பயணம் செய்வதில்லை. வேறு மொழிக் கட்டுரைக்குப் போகும்போது எண் மட்டும் போகிறது, குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. அதுதான் கோபம் வரவைக்கிறது.

நியாயமாகச் சொன்னால், பெட்டிக்கு வெளியே விக்கி போல ஒரு கருவி இல்லை. ‘ஸ்நைப்’ நிலை பற்றி எழுதிப் பாருங்கள். அக்டோபர் 26, 27ஆம் தேதிகளில் விக்டர் டர்னர் தலைமையில் ரைஃபிள் பிரிகேடின் இரண்டாம் பட்டாலியன், 19 ஆறு பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளோடு தாக்குப்பிடித்த இடம் அது. பிறகு ஒரு விசாரணைக் குழு களத்தை ஆராய்ந்து, குறைந்தது 32 டாங்கிகளும் 5 தானே நகரும் பீரங்கி வண்டிகளும் அழிந்தன என்று முடிவு செய்தது. உரைநடையில் இந்த எண் எப்படி வந்தது, யார் எண்ணினார்கள் என்பதையும் சேர்த்தே எழுதலாம். பெட்டியில் ‘37’ என்று மட்டும் நின்றிருக்கும்.

இடப்பெயர்களில் விக்கி தரும் இடமும் எனக்கு மிகவும் பிடிக்கும். வரைபடத்தில் சிறுநீரக வடிவச் சமவுயரக் கோடாகத் தெரியும் ‘கிட்னி ரிட்ஜ்’ (சிறுநீரக மேடு) களத்தில் ஒரு பள்ளம். ஆஸ்திரேலியர்கள் பாயின்ட் 29 என்றதும் ஜெர்மானியர் குன்று 28 என்றதும் ஒரே இடம். இரண்டு நூல்களை வைத்துக்கொண்டு எழுதுபவர் ஒரே மேட்டில் நடந்த மோதலை இரண்டு மேடுகளில் நடந்ததாக எழுதிவிடுவார். பக்க வரலாற்றில் இரு பதிப்புகளைத் தேர்ந்து ஒப்பிட்டால், எந்தத் தொகுப்பில் மேடு இரண்டானது என்று சில நிமிடங்களில் பிடித்துவிடலாம். அச்சு நூல் எதிலும் கிடைக்காத வசதி இது. நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அரசுகள் வெளியிட்ட போர் வரலாறுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் சரிபார்க்கவும் தடையில்லை.

குறுமேற்கோளில் ஒரு பொறி உண்டு. பிளேஃபேர் எழுதிய, பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட போர் வரலாற்றின் நான்காம் தொகுதி 1966இல் வந்தது. பலரிடம் இருப்பது 2004 மறுபதிப்பு. நூற்பட்டியலில் ஆண்டு 2004 என்றால் குறுமேற்கோள் ஒவ்வொன்றிலும் 2004 என்றே இருக்க வேண்டும். யாராவது நல்லெண்ணத்தில் பட்டியலை 1966 என்று திருத்தினால் அத்தனை இணைப்பும் அறுந்துவிடும். எண்ணைச் சொடுக்கிப் பார்த்தால்தான் தெரியும், அது எங்கும் போகாது. மூல ஆண்டுக்குத் தனிப் புலம் இருக்கிறது, 1966ஐ அங்கே போடுங்கள்.

வசதிகள் போதுமா என்றால் போதும், தாராளமாகவே. ஆனாலும் இன்றைக்கு என் பதில்: இந்தக் கட்டுரை வேண்டாம். பெட்டி இருக்கும்வரை உங்கள் உழைப்பில் பெரும்பங்கு அந்த ஒரு வரியைக் காப்பதிலேயே கரையும். நண்பருக்குச் சொன்னது இதுதான்: ருவைசாத் மேட்டைப் பிடித்து நின்ற நான்காம் இந்தியக் காலாட்படைப் பிரிவின் கட்டுரைக்குப் போங்கள். அலமைன் பகுதியைப் பத்தி பத்தியாக, பக்க எண்ணோடு எழுதுங்கள். இழப்பு எண் வந்தால் உரைக்குள்ளேயே, யார் எடுத்த கணக்கு, எந்தத் தேதி வரை என்பதோடு சேர்த்து எழுதுங்கள்.