காலை உடற்பயிற்சிக்குப் பவானி ஜமக்காளம்: யோகா மேட்டோடு வைத்துப் பார்த்த மதிப்புரை

வீட்டிலேயே உடற்பயிற்சி ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது யோகா மேட். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்க வீடுகளில் அதே வேலையைச் செய்யக்கூடிய பொருள் ஏற்கெனவே அலமாரியில் மடித்துக் கிடக்கும்: பவானி ஜமக்காளம். காலைப் பயிற்சிக்கு அது எந்த அளவுக்குத் தாங்கும், எங்கே சொதப்பும், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கான மதிப்புரை இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தினமும் 10 முதல் 20 நிமிடம் உட்கார்ந்து, படுத்து, நின்று செய்கிற பயிற்சிகளுக்கு 3 அடிக்கு 6 அடி பருத்தி ஜமக்காளம் சாதாரண 4 மி.மீ. பிவிசி மேட்டை விடப் பொருத்தமானது. குறைகள் இரண்டு. வழவழப்பான டைல்ஸ் தரையில் மொத்தமாக நகரும்; முட்டிக்கு மெத்தென்று இருக்காது. இரண்டுக்கும் செலவு குறைந்த வழி உண்டு.

விரிப்புக்கும் காலையில் எழும் ஊக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. தூங்கி எழுந்த முதல் 15 முதல் 30 நிமிடம் மூளை முழுதாகத் தெளிவதில்லை. அந்த நேரத்தில் எடுக்க வேண்டிய எந்த முடிவும் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றுதான் முடியும். மேட்டை எங்கே வைத்தோம், எந்த அறையில் விரிப்பது, எந்தப் பயிற்சியில் ஆரம்பிப்பது என்று மூன்று கேள்வி வந்தாலே போர்வை ஜெயித்துவிடும். அதனால் விரிப்பு ராத்திரியே விரித்துக் கிடக்க வேண்டும். சுருட்டி வைத்துப் பழகிய பிவிசி மேட்டின் ஓரம் சுருண்டு நிற்கும். இருட்டில் கால் தட்டும். ஜமக்காளம் தரையோடு படிந்து கிடக்கும். கட்டிலை விட்டு இறங்கும் கால் நேராக அதன்மேல் விழுகிற மாதிரி போட்டுவிட்டுப் படுக்கலாம். மார்கழி, தையில் கோவைப் பக்கம் டைல்ஸும் கிரானைட்டும் சில்லென்று இருக்கும்போது, பருத்தியில் கால் வைப்பதற்கும் பிளாஸ்டிக்கில் கால் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு நொடியிலேயே தெரியும்.

இனி பொருளைப் பார்ப்போம். பவானி ஜமக்காளம் 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி விரிப்பு. குறுக்கே ஊடையாகப் போகிற தடித்த பருத்தி நூல், நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை இரண்டு பக்கமும் முழுக்க மூடிவிடும். அதனால்தான் நிறப்பட்டைகள் இவ்வளவு அடர்த்தியாகத் தெரிகின்றன. இரண்டு பக்கமும் பயன்படுகின்றன. உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் சின்னச் சின்ன வரப்புகள் தட்டுப்படும். கையும் பாதமும் வழுக்காமல் பிடித்துக்கொள்வது இந்த வரப்புகளில்தான். பிவிசி மேட்டில் வியர்வை மேலே நின்று கை வழுக்கும். பருத்தி அதை உறிஞ்சிக்கொள்ளும், லேசாக ஈரமானால் பிடிமானம் கூடவே செய்யும். சூரிய நமஸ்காரம் செய்கிறவர்கள் கை வைக்கும் இடத்திலும் கால் வைக்கும் இடத்திலும் முதலிலேயே ஒரு கைத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம்.

பவானியிலேயே செயற்கைப் பட்டு நூல் கலந்த ரகமும் நெய்கிறார்கள். பார்வைக்கு அழகு, விசேஷ வீட்டுக்கு அருமை. உடற்பயிற்சிக்கு மட்டும் வேண்டாம். அந்த நூலில் வரப்பு மழுங்கி, குதிகால் நழுவும்.

வழுக்கல் பிரச்சினையைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் அடிபடும். மேல் பக்கம் கையைப் பிடிக்கிற அதே பருத்தி, அடிப்பக்கம் விட்ரிஃபைடு டைல்ஸில் பிடிக்காது. பிளாங்க் நிலையிலும் (கையும் கால்விரலும் ஊன்றி உடலைப் பலகை மாதிரி நேராக நிறுத்துவது), கால்களை முன்னும் பின்னும் அகட்டி நிற்கும் நிலையிலும் விரிப்பு பின்னால் நகரும். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் இந்தத் தொல்லை இல்லை. பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரை, எத்தனை வருஷம் தேய்த்து மெருகேறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க விரித்து வைக்கிறவர்கள், வயதானவர்கள் இருக்கிற வீடாக இருந்தால், அடியில் வழுக்காத வலை போடாமல் விரிக்கவே கூடாது. கார்ப்பெட்டுக்கு அடியில் போடுகிற ரப்பர் வலை ரோலாகக் கிடைக்கும். ஜமக்காளத்தை விட நான்கு பக்கமும் இரண்டு செ.மீ. குறைவாகக் கத்தரியால் வெட்டிப் போட வேண்டும்; வலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே கால் தடுக்கும். தரையில் தூசி இருந்தால் ரப்பரும் பிடிக்காது. வாரம் ஒரு முறை வலையைத் தண்ணீரில் அலசி உலர்த்தினால் பிடிப்பு திரும்ப வரும். யோகா மேட் ஏற்கெனவே இருக்கிறவர்கள் அதன்மேல் ஜமக்காளத்தைப் போட்டுக்கொள்ளலாம். வழுக்கல், முட்டி வலி இரண்டுக்கும் ஒரே மருந்து. மேட் 2 அடி அகலம்தான் இருக்கும் என்பதால், ஜமக்காளத்தை அதன் அகலத்துக்கு மடித்துப் போட வேண்டும்.

வெறும் ஜமக்காளத்தில் முட்டி ஊன்றும் பயிற்சிகளின்போது தரை தெரியும். ஓரத்தை நான்காக மடித்து முட்டிக்கு அடியில் கொடுத்தால் போதும், ஆசனத்துக்கு நடுவில் வேறு தலையணை தேட வேண்டியதில்லை. முழங்கை ஊன்றும் பிளாங்க்குக்கும் இதே மடிப்பு. மெத்தென்று இருக்கட்டும் என்று 10 மி.மீ. ஃபோம் மேட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒற்றைக் காலில் நிற்கும்போது அது அமுங்கி அமுங்கிக் கணுக்காலை ஆட்டும். விருக்ஷாசனம் மாதிரி நிலைகளுக்கு ஜமக்காளத்தின் கெட்டித்தன்மைதான் சரி. இரண்டு முனையிலும் தொங்குகிற குஞ்சத்தை அடியில் மடித்துவிடுங்கள், கட்டைவிரல் சிக்கும்.

சாயம் இன்னொரு விஷயம். அடர்த்தியான சிவப்பு, நீலம், பச்சை புதிதாக இருக்கும்போது வியர்வையில் இறங்கி வெள்ளை பனியனில் ஏறும். கடையிலேயே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். லேசான கறை என்றால் இரண்டு மூன்று சலவையில் சரியாகும். கைக்குட்டையே நிறம் மாறினால் வேறு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சலவைகளைத் தனியாக, பச்சைத் தண்ணீரில் செய்ய வேண்டும். ஊறவைத்த ஜமக்காளத்தின் கனம் கைக்குத் தாங்காது. முறுக்கிப் பிழிந்தால் நெசவு கோணும். இரண்டாக மடித்து மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டு, தண்ணீர் தானாக வடியவிட்டு, நிழலில் உலர்த்துவதுதான் முறை.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரம் நிற்கும், புளித்த வாடை வரும். அந்த மாதங்களில் துவைப்பதைத் தள்ளிப்போட்டு, வெயில் வந்தபோதெல்லாம் உதறிப் போடுவது நல்லது. தினசரி வியர்வைக்கு எளிய வழி, தலையும் கையும் படும் பகுதியில் ஒரு ஈரிழைத் துண்டைப் போட்டு அதை மட்டும் தினமும் அலசுவது. இப்படிச் செய்தால் ஜமக்காளத்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை துவைத்தால் போதும்.

விரிப்பு தயார். வெடியால அதன்மேல் உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்பதும் ராத்திரியே தீர்மானமாகி இருக்க வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்காவது குனிந்து கால்விரலைத் தொடுவது, சிட்-அப் இரண்டும் வேண்டாம். படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அப்போது முழுதாக வளைத்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் அதிகம். முதல் வாரத்துக்கு இது போதும்: கையும் முட்டியும் ஊன்றி முதுகை மெதுவாக மேலும் கீழும் அசைப்பது 8 தடவை, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி இரண்டு நொடி நிறுத்துவது 10, எழுந்து சுவரில் கை ஊன்றி புஷ்-அப் 10, நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 10. ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாவது வாரம் இதையே இரண்டு சுற்று. மூன்றாவது வாரம் 15 நொடி பிளாங்க் மூன்று சேர்க்கலாம்.

இவ்வளவு கம்மியா என்று தோன்றும். முதல் நாளே முக்கால் மணி நேரம் செய்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பழக்கமில்லாத தசை வலி ஒரு நாள் கழித்துத்தான் ஆரம்பித்து, 72 மணி நேரம் வரை இருக்கும். மூன்றாம் நாள் காலை படியிறங்கும்போதே தொடை பிடிக்கும். அன்றைக்கு விடுகிறவர்கள்தான் அதிகம். அது சோம்பல் இல்லை, முதல் நாள் அளவு தப்பு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமல் நடக்கிற நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் தேவைப்பட்டது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வதை நம்பி, வரவில்லையே என்று விடுவதில் அர்த்தமில்லை.

மணி பார்த்து ஆரம்பிக்கத் திட்டமிடுவதை விட, தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு கட்டிவைப்பது நிலைக்கும். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்ததும், அல்லது பல் விளக்கியதும், நேராக விரிப்புக்கு. தண்ணீர் விடுகிற நாளில் அஞ்சரை மணித் திட்டம் கலைந்துவிடும். பல் விளக்குவது கலையாது. ஜூனில் ஆறு மணிக்கெல்லாம் கோவையில் வெளிச்சம் வந்துவிடும், ஜனவரி பாதியில் சூரியன் எழ ஆறே முக்கால் ஆகும். குளிர்காலத்தில் எழுந்ததும் லைட்டைப் போட்டுவிடுங்கள். மில்லிலும் பனியன் கம்பெனியிலும் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குக் காலை என்பது தூங்கி எழுகிற நேரம். மதியம் மூன்று மணியானாலும் இதே வரிசைதான்.

இந்த விரிப்பில் செய்கிற பத்து நிமிடம் தசை வலுவுக்கானது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சி. நடையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒரு எதிர்ப்பு கட்டாயம் வரும். நம் பக்கம் ஜமக்காளம் சபைக்கு விரிக்கிற பொருள்; சீர் வரிசை வைக்கிறதும், பெரியவர்களை உட்கார வைக்கிறதும் அதில்தான். "விருந்தாளி உக்கார்றதுல வேர்வையோட படுக்கறதாங்க?" என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. பயிற்சிக்கென்று தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: பொது ஜமக்காளம் என்றால் விசேஷத்துக்குப் போய்விட்டு மடித்து மேலே ஏறிவிடும், அத்தோடு பயிற்சியும் நிற்கும்.

குதிக்கிற பயிற்சிகள் (ஜம்பிங் ஜாக், பர்பி) செய்கிறவர்களுக்கு இந்த விரிப்பு சரிப்படாது. ஷூ போட்டு, கெட்டியான ரப்பர் டைல் மேல் செய்யட்டும். முட்டி தேய்மானம் உள்ளவர்கள் வெறும் ஜமக்காளத்தில் முட்டி ஊன்றக் கூடாது.

வாங்குவது பவானியிலேயே கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களில், இல்லையென்றால் கோ-ஆப்டெக்ஸில். 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறி நகல் சந்தையில் தாராளமாகக் கிடக்கிறது. 2006இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கிப் பார்த்தால் அதே அளவு நகலை விடக் கைத்தறி கனமாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டை தெரியக் கூடாது. சந்தேகம் இருந்தால் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, எரித்துப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். 3 அடிக்கு 6 அடி எடுத்தால் சராசரி உயரமுள்ளவருக்குப் போதும். ஆறடியைத் தொடுகிறவர்கள் துவைத்தால் கொஞ்சம் சுருங்கும் என்பதை மனதில் வைத்து ஏழடி கேளுங்கள். புது மடிப்புத் தடம் போக, மெத்தைக்கு அடியில் இரண்டு ராத்திரி விரித்துப் போட்டு வைத்தால் சமமாகிவிடும்.