பனியுருகு நீர்க் கணக்கு: டிகிரி-டேயா, எனர்ஜி பேலன்ஸா?

பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்று தினமும் பேப்பர் பார்க்கும் தர்மபுரிக்காரர்களுக்கு ஆறு என்றால் மழையும் அணைத் திறப்பும்தான். இமயமலையில் ஓடும் பாகீரதி வேறு சங்கதி. மழையே இல்லாத கோடையிலும் வெயில் ஏற ஏற அங்கே தண்ணீர் கூடும். அதில் பனி எவ்வளவு, பனிப்பாறை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஒரு சிவில் மாணவர் புராஜெக்டுக்கு வழிகாட்டியபோது டிகிரி-டே முறையைத்தான் எடுக்கச் சொன்னேன்: வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் எத்தனை டிகிரியோ, அதை ஒரு காரணியால் பெருக்கினால் அன்றைய உருகல். இன்று கேட்டாலும் அதுதான்.

எனர்ஜி பேலன்ஸ் முறையின் இயற்பியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதிர்வீச்சு, காற்று, ஈரப்பதம் எல்லாம் சேர்த்து, மிஞ்சும் வெப்பத்தைக் கிலோவுக்கு 334 கிலோஜூல் என்று வகுத்தால் உருகிய பனி கிடைத்துவிடும்.

சிக்கல் தரவில். அத்தனை கருவிகளும் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் குளிர்காலம் முழுக்கப் பழுதில்லாமல் ஓட வேண்டும். சென்சாரைப் பனி மூடிவிட்டால் அந்த வாரமே போச்சு. ஏறிப்போய்த் தட்டிவிட ஆளும் காசும் வேண்டும். பதிலுக்கு, கணினி மாதிரி கட்டம் கட்டமாகக் கணித்துத் தரும் இஆர்ஏ5-லேண்ட் என்ற வானிலைத் தரவை எடுக்கலாம்தான். ஆனால் அதன் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். பள்ளத்தாக்கும் சிகரமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால், காற்றின் வேகம் எந்த இடத்துடையது? துல்லியமான சூத்திரத்துக்குள் ஊகத்தைப் போட்டால் ஊகம்தான் வெளியே வரும்.

டிகிரி-டேவுக்கு வெப்பநிலை போதும். அதை உயரத்துக்கு ஏற்றபடி திருத்தவும் முடியும். 3000 மீட்டரில் 12 டிகிரி என்றால், கிலோமீட்டருக்கு 6.5 குறைத்து 4000 மீட்டரில் 5.5. பனிக்குக் காரணி டிகிரிக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் நாளுக்கு 22 மில்லிமீட்டர். பத்து சதுர கிலோமீட்டருக்கு அது வினாடிக்குச் சுமார் 90 கனஅடி. காகிதத்திலேயே சரிபார்த்துவிடலாம். புராஜெக்ட் வைவாவில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வாத்தியார்களுக்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. புதுப்பனி வெயிலில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், அழுக்கேறிய பழைய பனி அவ்வளவு அனுப்பாது. ஒரே காரணி இரண்டுக்கும் பொருந்தாது. வெறும் பனிக்கட்டிக்குக் காரணியைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். கல்லும் மண்ணும் மூடிய பகுதியில் மெல்லிய படலம் உருகலைக் கூட்டும், தடித்தால் குறைக்கும். அங்கே எனர்ஜி பேலன்ஸ் ஜெயிக்கலாம். நான் அதை ஒரு நிலையத் தரவில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன், முழுப் படுகைக்கு அல்ல. அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். சோட்டா ஷிக்ரி போல 2002 முதல் அளந்துவரும் பனிப்பாறையின் தரவு கையில் இருந்தால் தாராளமாக எனர்ஜி பேலன்ஸையே எடுங்கள்.

எதை எடுத்தாலும் ஆற்று ஓட்டத்தை மட்டும் வைத்துக் காரணியைத் திருகாதீர்கள். மேலே விழுந்த பனியைக் குறைத்து அளந்திருந்தால், நம் கணக்கு மாதிரி (மாடல்) அந்தப் பற்றாக்குறையைப் பனிப்பாறையிலிருந்து உருக்கி நிரப்பிவிடும். மொத்தம் பொருந்தும், பங்கு தப்பாகும். மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் பனிப்பரப்புப் படங்கள் 2000 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. பனிக்கோடு, அதாவது பனி மூடிய பரப்பின் கீழ் விளிம்பு, எந்த மாதம் எந்த உயரத்துக்கு ஏறுகிறது என்பதை முதலில் அதோடு ஒப்பிடுங்கள், அப்புறம் கனஅடிக்கு வாருங்கள்.